ஆடிக் காற்றில் சைக்கிள்: சிறுவாணி சாலை நாட்குறிப்பு

ஜூன் 15, 2025, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு பெரியப்பாவோடு கோவை சிறுவாணி சாலையில் சைக்கிள். பேரூர் வரை வீடுகளும் கடைகளும் காற்றை மறைத்துக்கொண்டன. ஊர் முடிந்து தோட்டங்கள் தொடங்கியதுமே, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் மேற்கிலிருந்து அடித்தது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்துதான் கோவைக்கு வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் அதை நம்பித்தான்.

மீட்டர் மணிக்கு 14 கி.மீ. வேகம் காட்டியது. மனசு சோர்ந்துபோகும் எண் இது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 20 கி.மீ. வீசினால், உடம்பில் மோதுவது 40 கி.மீ. காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எண் குறைவதற்குக் கால்கள் பொறுப்பல்ல. அதனால்தான் இந்த ஊரில் சைக்கிள் பழகுகிறவர்கள் வேகத்தைப் பார்த்தே ஓட்டக்கூடாது என்கிறேன்.

பெரியப்பா பஞ்சாலை ஷிப்டுக்கு வருஷக்கணக்கில் சைக்கிளில் போய்வந்தவர். அவரிடம் வாட்சும் இல்லை, மீட்டரும் இல்லை. பக்கத்தில் வந்து, "அம்மிணி, நேத்து வூட்ல என்ன சமையல்? சொல்லு கேப்போம்" என்றார். அரிசியும் பருப்பும் சாதம் என்று ஆரம்பித்து, தொட்டுக்க என்ன என்பதற்குள் மூச்சு இரண்டு தரம் அறுந்தது. "கியரைக் கொறச்சுக்க. முழுசாச் சொல்ற வரைக்கும் கேட்டுட்டே இருப்பேன்" என்றார். தொட்டுக்க அப்பளம் என்று சொல்லி முடிப்பதற்குள் மாதம்பட்டி வந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

பெரியப்பாவின் சமையல் கேள்வியைத்தான் பயிற்சியாளர்கள் பேச்சுச் சோதனை என்கிறார்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்த உழைப்பை நீண்ட நேரம் தாங்கலாம், கொழுப்பும் நன்றாக எரியும். எனக்கு வயது 40. 220-இலிருந்து வயதைக் கழித்தாலும் சரி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழித்தாலும் சரி, உச்ச இதயத் துடிப்பு 180 வருகிறது. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 108 முதல் 126 வரை, எனக்கான நிதான எல்லை. இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு மாறும். வாட்ச் ஒன்று சொல்லி மூச்சு வேறொன்று சொன்னால், மூச்சைத்தான் நம்புவேன்.

ஜூன் 28, சனி

முழங்காலின் முன்பக்கம் லேசாகப் பிடித்தது. சைக்கிள் கடைக்காரத் தம்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காரச் சொன்னார். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். என்னுடைய கால் மடங்கியே நின்றது. ஆலன் கீயால் திருகி, சீட்டை ஒரு விரல் அகலம் உயர்த்தினார். இப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சமாக மட்டும் மடங்குகிறது. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கமும், உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிக்கும் என்பது பொதுவான அடையாளம்.

பெரிய கியரில் அழுத்தி மிதிப்பதையும் நிறுத்தச் சொன்னார். நிமிடத்துக்கு 80 சுற்று வரும்படி சின்ன கியர். பாரம் முழங்காலிலிருந்து இறங்கி மூச்சின் மேல் ஏறுகிறது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், முழங்கால் அப்படியில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆலாந்துறை தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே. தூறல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், அதனால் சாப்பாட்டுக்குத் தனி ஏற்பாடு. தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, ஓரளவு கடுமையான ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வெகுவாகக் கரைந்துவிடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். சட்டைப் பையில் வாழைப்பழம், கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. பசிக்கும் வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருதரம் வாயில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்காமலே 30 காட்டுகிறது. அந்த எண்ணையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

இந்த வாரம் பாதி தூரம்தான். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் இறக்குவது என் திட்டம். ஓய்வு எடுத்தால் பழகியது போய்விடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: மிதிக்கும்போது உடம்பு தேய்கிறது, தூங்கும்போதுதான் தேறுகிறது.

எதெது எப்போது மாறும் என்று தெரிந்துகொண்டால் பொறுமை வரும். முதல் ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக ரத்தம் தள்ளுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகவும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடவும் மேலும் பல வாரங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தேறுவது எல்லாவற்றுக்கும் பின்னால். மூச்சு தயாராகிவிட்டது என்று தூரத்தை ஒரேயடியாக ஏற்றுகிறவர்களுக்குத்தான் முட்டி வலிக்கிறது.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பார்த்தேன்: 68. ஆரம்பத்தில் 76.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

பேரூரில் நொய்யல் படித்துறைக்கு விடியும் முன்பே கூட்டம். முன்னோருக்குத் திதி கொடுக்க வந்தவர்கள், தேங்காய் பழத்தோடு குடும்பங்கள், இருபுறமும் வண்டிகள். இறங்கித் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வெறும் பேச்சில்லை. பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்து சைக்கிளை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது. ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, உடம்பைக் குனிந்துகொண்டால் சமாளிக்கலாம். லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி மறைந்து மறுபடி அடிக்கும், அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று நாளுக்கு நாள் மாறுகிறது, வேகத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. அதனால் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஆலாந்துறை டீக்கடைமுன் நின்றதும் துடிப்பைப் பார்த்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். ஜூனில் 125-இலிருந்து 104-க்கு வந்தது. இன்று 92. இதயம் விரைவாக அடங்கினால் உடம்பு தேறுகிறது என்று பொருள்.

கோத்தகிரி மலைப்பாதை பற்றிக் கேட்டேன். "மொதல்ல சாடிவயல் வரைக்கும் பேசிட்டே வா அம்மிணி. மலை எங்கயும் போயிராது" என்றார் பெரியப்பா. சரிதான். வரும் வாரத்திலிருந்து புதன்கிழமை மட்டும் நான்கு நிமிடம் பேச முடியாத அளவு அழுத்தம், நான்கு நிமிடம் நிதானம் என்று மாறி மாறி ஓட்டப்போகிறேன். மற்ற நாளெல்லாம் பழையபடி சமையல் கதைதான்.