கட்டிக்கொண்டால் போச்சு!

கனடா தன் பூர்வகுடிகளுக்காகப் போட்ட சட்டமான 'இந்தியன் ஆக்ட்' பற்றி நேற்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

1985 வரை, பூர்வகுடிப் பெண் ஒருத்தி 'அந்தஸ்து' (பூர்வகுடி என்று அரசு பதிந்து தரும் சட்ட அங்கீகாரம்) இல்லாத ஆளைக் கட்டிக்கொண்டால், அரசுப் பட்டியலிலிருந்து அவள் பெயர் அவுட். பிள்ளைகளுக்கும் கிடையாது. அவளுடைய அண்ணன் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டினால்? அந்த அண்ணிக்கு அந்தஸ்து வந்துவிடும்! (இரண்டு முறை படித்தேன், அப்படித்தான் இருக்கிறது.)

மோஹாக் என்ற பூர்வகுடி இனத்து மேரி டூ-ஆக்ஸ் எர்லி இப்படி அந்தஸ்தை இழந்து, இதை எதிர்த்தவர். 1975இல் மெக்சிகோ பெண்கள் மாநாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஊரில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. 1985இல் சட்டத்தைத் திருத்தியதும் முதலில் அந்தஸ்து திரும்பியது அவருக்குத்தான். வயது 73.

ஆனால் திருத்தத்திலேயே ஓர் உள்குத்து. அந்தஸ்து திரும்பி வந்த பெண்ணின் பிள்ளைக்குச் சட்டத்தின் 6(2) பிரிவில் அரைகுறை அந்தஸ்து, அண்ணன் பிள்ளைக்கு 6(1) பிரிவில் முழு அந்தஸ்து. 6(2) ஆள் அந்தஸ்து இல்லாதவரைக் கட்டினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் இல்லை. இதை எதிர்த்து ஷாரன் மெக்கைவர் என்ற பூர்வகுடிப் பெண் கோர்ட், ஐ.நா. என்று அலைந்தார். 2019இல்தான் அண்ணன் தங்கை கணக்கு நேரானது. அந்த 6(2) வெட்டை அப்போதும் யாரும் தொடவில்லை.