சூளை ஆறும் வரை

ஜனவரி 9

இரவு இரண்டரைக்கு மறுபடி விழிப்பு. வலது கை மரத்துக் கிடந்தது, வேறு யாரோ ஒருத்தியின் கை என் பக்கத்தில் படுத்திருப்பதுபோல. உதறினால் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் மட்டும் எப்போதும்போல நன்றாக இருக்கிறது. அது மட்டும் ஏன்?

ஜனவரி 10

140 கோப்பை! விடுதிக்காரர் இன்று போனில் சொன்னது அதுதான். எல்லாம் ஒரே அளவு, வாய் 9 செ.மீ. என் மண் உலர்ந்து இரண்டு சூடும் கண்டு வெளியே வருவதற்குள் 12 சதவீதம் சுருங்கிவிடும். அதனால் சக்கரத்தில் 10.2 வைக்க வேண்டும். அட்டையில் 10.2க்கு ஓர் அளவு வெட்டிச் சக்கரத்துக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டேன்.

விலை கேட்டார். இரண்டு மூன்று நாளில் சொல்கிறேன் என்றேன். 47 வயதில் முதல் பெரிய ஆர்டர். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மண் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 11

விலைக்கணக்கு. காலையிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

21 வருஷம் தொழிற்சாலையில் நான் பார்த்த வேலையே இதுதான். ஒரு பொருள் செய்து முடிக்க எவ்வளவு ஆகும் என்று தாள் போடுவது. மூலப்பொருள், கூலி, மின்சாரம், தேய்மானம், கழிவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். இன்று எனக்காகப் போட உட்கார்ந்தேன். மண் எழுதினேன். கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் ஆகும் மேல்பூச்சு, அதையும் எழுதினேன். சூளைக்கு மின்சாரம், சக்கரத்தின் தேய்மானம், உடைவதற்கு 15 சதவீதம். கூட்டிப் பார்த்தேன், தொகை அழகாகச் சின்னதாக இருந்தது. இந்த விலையைக் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தாளில் கூலி என்ற வரியை நான் எழுதவே இல்லை.

மறந்துபோனது என்று சொல்ல முடியாது. அந்த வரி என் கையாலேயே தாவிப் போயிருக்கிறது. வேறொருவர் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சரி, போட்டுப் பார்ப்போம் என்று திரும்ப உட்கார்ந்தேன். ஒரு கோப்பைக்கு மண் பிசைய, சக்கரத்தில் தூக்க, பாதி காய்ந்து தோல் பதம் வந்ததும் அடி சீவ, பிடி இழுத்து ஒட்ட, துடைக்க, கிளேஸில் முக்க, சூளையில் அடுக்க எல்லாம் சேர்த்து 25 நிமிஷம். உடைவதையும் சேர்த்து 161 செய்ய வேண்டும். 67 மணி நேரம். அந்த 67 மணி நேரத்துக்கு நான் போட்டிருந்த விலை பூஜ்யம்.

ஜனவரி 12

விலை இன்னும் அனுப்பவில்லை.

ஜனவரி 14

அக்கா வந்திருந்தாள். அலமாரியில் இருந்த பன்னிரண்டு கிண்ணங்களையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமாம். "நமக்குள்ள என்னடி காசு" என்றாள். நானும் "சே, காசெல்லாம் எதுக்குக்கா" என்றுதான் சொன்னேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அவள் மேல் கோபமில்லை. பத்து வயதிலிருந்து அவளுக்கு நான் இப்படித்தான். கல்யாண அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக் கொடுத்தது, பிள்ளைகளின் பள்ளிக்கு அட்டைகள் வரைந்தது, தையல், பின்னல். யாரும் விலை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. "உனக்குக் கைராசி" என்பார்கள், அதிலேயே வயிறு நிறைந்துவிடும். இத்தனை வருஷமாக ஒரு பொருளைச் சும்மா கொடுத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் அதற்கு விலை சொல்லும்போது திருடுவதுபோல இருக்கிறது. இந்த உணர்வு தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டையை விட்டு வர மாட்டேன் என்கிறது.

ஜனவரி 15

கை. இரண்டு தடவை.

ஜனவரி 16

அனுப்பிவிட்டேன். கூலி வரியோடு. தொழிற்சாலையில் கைதேர்ந்த தொழிலாளி ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு போடுவோமோ அதையே எனக்கும் போட்டேன். ஒரு பைசா கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது இதயம் காதில் அடித்தது.

ஜனவரி 17

பதில் இல்லை.

ஜனவரி 18

பதில் இல்லை. மண் பிசைந்தேன். தேவைக்கு மேலேயே பிசைந்தேன்.

ஜனவரி 19

பியாட்ரிஸ் வுட் பற்றி மறுபடி படித்தேன். மனசு சரியில்லாத நாளெல்லாம் அவரிடம்தான் போய் நிற்கிறேன். அமெரிக்கக்காரர், 1893இல் பிறந்தவர். வெளிநாட்டில் வாங்கி வந்த மினுமினுப்பான தட்டுகளுக்குப் பொருத்தமாக ஒரு கெண்டி கிடைக்கவில்லை, சரி நாமே செய்துவிடலாம் என்று 1933இல் மாலை நேர மண்பாண்ட வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 40. கெண்டி அவ்வளவு சுலபத்தில் வரவில்லை, ஆனால் வகுப்பை விடவும் இல்லை. அப்புறம் உலோகம்போல் மின்னும் அந்தக் கிளேஸ்தான் அவருடைய பெயரானது. நூறு வயதைத் தாண்டியும் சக்கரத்தில் உட்கார்ந்தவர். 1998இல், 105ஆம் பிறந்தநாள் முடிந்த ஒன்பதாம் நாள் இறந்தார். 1961இல் இந்தியா வந்துபோன பிறகு புடவைதான் கட்டுவாராம். கழுத்து நிறைய மணியும் கைநிறைய வளையலுமாக அவர் நிற்கும் புகைப்படத்தைப் பெரிதாக்கி நான் பார்ப்பது அவருடைய மணிக்கட்டை.

எப்படித் தாங்கியது அது?

ஜனவரி 21

மகள் ஓர் ஆய்வை அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் 27 லட்சம் தொழில் தொடங்கியவர்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொடங்கும்போது அவர்களின் சராசரி வயது 42. மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களை மட்டும் எடுத்தால் 45. "பாத்தியாம்மா, நீ கரெக்ட் டைம்ல வந்திருக்க" என்று கீழே எழுதியிருந்தாள். கண் கலங்கிவிட்டது. வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் பேசாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அது மௌனமா சம்மதமா என்று இத்தனை மாதம் தெரியாமல் இருந்தது.

ஆனாலும் சராசரிக்கு மணிக்கட்டு கிடையாது. அதை அவளிடம் சொல்லவில்லை. கை விஷயமே அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 22

டாக்டர். இரண்டு புறங்கைகளையும் சேர்த்து மடக்கி ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். அரை நிமிஷத்திலேயே மரத்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறதாம், அதற்குள் போகும் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியாகப் போகிறது. அதனால்தான் அது தப்பித்திருக்கிறது. ஒரு கேள்விக்காவது விடை.

தைராய்டு பார்த்தீர்களா, சர்க்கரை பார்த்தீர்களா, மாதவிடாய் சீராக வருகிறதா என்று கேட்டார். இந்த வயதில் பெண்களுக்கு இது அதிகம் வருமாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். "வீட்டில்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான் குத்துகிறது. கூலி வரியை எழுதிய நானே ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 25

நரம்புச் சோதனை. சின்னச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து நரம்பில் ஓட்டம் எவ்வளவு வேகம் என்று அளக்கிறார்கள். மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் தாமதம். நடுத்தர நிலை. இரவில் கையை மடங்கவிடாத பட்டை போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஊசி, அதற்கும் கேட்கவில்லை என்றால் அறுவை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "மண்பாண்டம் செய்பவர்" என்று எழுதினேன். பேனாவை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாக விழுந்தது. ஆனால் எழுதினேன்.

ஜனவரி 27

பதில் வந்துவிட்டது. "வேலைப்பாடு பிடித்திருக்கிறது, விலை எதிர்பார்த்ததைவிட அதிகம், குறைக்க முடியுமா?"

இவர், "குறைச்சுக்கோயேன், முதல் ஆர்டர்தானே" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் கத்திவிட்டேன். எதைக் குறைப்பது? மண்காரர் குறைப்பாரா, மின்சாரம் குறையுமா? குறைக்கச் சொன்னதும் எல்லோர் கண்ணும் போவது அந்த ஒரே வரிக்குத்தான். என் கண்ணும் அங்கேதான் போனது, அதனால்தான் அவ்வளவு கோபம் போல.

ராத்திரி இரண்டு பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் குறைத்திருக்கிறேன்.

ஜனவரி 28

மற்றதை அனுப்பினேன். விலை அதேதான், வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று.

ஜனவரி 29

தூக்கமில்லை. வேர்வை, அப்புறம் குளிர், அப்புறம் கை. பட்டையோடு புரண்டு படுத்தால் கட்டில் சட்டத்தில் இடிக்கிறது.

மேரி டிலேனி ஞாபகம் வந்தார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. கணவர் இறந்த பிறகு, 72 வயதில், வண்ணக் காகிதத்தை மெல்லிசாகக் கத்தரித்துக் கருப்புத் தாளில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். ஏறக்குறைய பத்து வருஷத்தில் 985. பார்வை மங்கியதும் நிறுத்திவிட்டார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாமதமாகத் தொடங்கினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பத்து வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. கண்ணோ கையோ இவ்வளவுதான் என்று சொல்வதற்கு முன்னால் முழுசாகப் பத்து வருஷம். எனக்கு அது கிடைத்தால் போதும்.

போதுமா? இருட்டில் அப்படித் தோன்றியது. விடிந்த பிறகு இன்னும் வேண்டும் என்றிருக்கிறது.

ஜனவரி 30

80! சரி என்று சொல்லிவிட்டார். முழு விலை. பாதித் தொகை முன்பணமும் வந்துவிட்டது.

80க்கு 92 செய்ய வேண்டும். 38 மணி நேரம். கைக்கும் இது தாங்கும்.

பிப்ரவரி 3

இன்று 18. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் மணி நேரம் எழுந்து நடக்கிறேன். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு உடம்பின் எடையால் மண்ணை நடுவில் நிறுத்தினால் மணிக்கட்டுக்கு வேலை குறைகிறது. வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. அப்போது கை பலமாக இருந்தது, நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 6

பதினொன்றில் அடி பிளந்திருக்கிறது. காய்ந்த பிறகுதான் தெரிகிறது, நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கீறல். அடிமண்ணை நன்றாக அழுத்தி இறுக்காவிட்டால் இப்படி வரும். இறுக்காதது ஏன் என்றும் தெரியும். அழுத்தும்போது கட்டைவிரலுக்கு மேலே சுரீர் என்றது, பாதியில் கையை எடுத்துவிட்டேன். பதினொரு தடவையும்.

அழுதேன். பிறகு அந்தப் பதினொன்றையும் தண்ணீர் வாளியில் போட்டேன். சுடாத மண் அல்லவா, கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். கீழே கிடந்த தூளை ஈரத்துணியால் துடைத்தேன். பெருக்கினால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிப்ரவரி 7

விரலுக்குப் பதில் மரத்துண்டால் அடியை அழுத்துகிறேன். இறுகுகிறது.

பிப்ரவரி 11

92 முடிந்தது. பிடி எல்லாம் ஒட்டியாகிவிட்டது. காயட்டும்.

பிப்ரவரி 13

அக்கா போன் செய்தாள். கிண்ணம் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம், இன்னும் ஆறு வேண்டுமாம். விலை சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "எங்கிட்டயேவா" என்றாள். "ஆமாங்க்கா" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கை நடுங்கியது. இது நரம்பு இல்லை.

பிப்ரவரி 18

முதல் சூடு முடிந்தது, 1000 டிகிரி. நான்கு போய்விட்டன. மீதி 88. அக்கா இன்னும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 21

கிளேஸ் போட்டுச் சூளையில் பாதி ஏற்றியாகிவிட்டது. 44, மூன்று தட்டுகளில். அடியில் ஒட்டியிருந்த கிளேஸைத் துடைத்துத் துடைத்து இடது கையும் வலிக்கிறது. மாலை ஆறுக்குப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 22

காலை 5.10. 1222 டிகிரி. துளை வழியே பார்த்தேன், சூடு எட்டியதைக் காட்டும் கூம்பு வளைந்துவிட்டது. நிறுத்தினேன்.

மதியம் ஒன்றரை. 640. இனி 573ஐத் தாண்டும் வரை பயம். அந்த இடத்தில் மண்ணுக்குள் இருக்கும் சிலிக்கா சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுக் காற்றை விட்டால் கோப்பை டிங் என்று வெடித்துக் கேட்கும். கதவுப் பக்கமே போகக் கூடாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரவு 9. 310. சூளை அறையிலேயே பாய் போட்டிருக்கிறேன். இதுவரை டிங் கேட்கவில்லை.

பிப்ரவரி 23

காலை 6. 128. கை மரக்கவில்லை. இரவு முழுக்க ஒரு தடவைகூட எழவில்லை.

அக்காவிடமிருந்து செய்தி. "ஆறு வேண்டாம், நாலு போதும்." கூடவே பணம்.

9.20. 95 டிகிரி. திறந்தேன். மேல் தட்டில் 14. பதின்மூன்று நன்றாக இருக்கின்றன, ஒன்றில் பிடி விட்டிருக்கிறது. வாயை அளந்தேன். 9. அடுத்ததும் 9. தட்டு இன்னும் சுடுகிறது, கையுறை போட்டு இவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது தட்டின் ஓரத்தில் ஏதோ