ஈர மண்ணில் எழுதிய ஆதன்

"தம்பி, இது சுட்ட பெறகு கீறினது. நீங்க ஈர மண்ணுல எழுதுறாப்ல காட்டுறீங்களே?"

பெரியவர் சண்டைக்கு வரவில்லை. மானாமதுரைப் பக்கம் பானை வனைகிறவர், பேரனோடு அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தார். அங்கே நான் செய்துகொடுத்த தொடுதிரையில், பெருமையாக வைத்திருந்த ஜூம் வசதியில்தான் பழைய பானை ஓட்டின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஈரத்தில் கீறினால் மண் வரப்பு மாதிரி ஓரத்தில் ஒதுங்கி நிற்குமாம். இதில் எழுத்தின் விளிம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது. அதே படத்தை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

ஓட்டில் இருப்பது தமிழின் பழைய எழுத்தான தமிழியில் மூன்றே எழுத்து: ஆதன். தொடுதிரைக்கோ பேச ஓர் ஆள் வேண்டும். ஆதனைக் குயவனாக்கினேன். சக்கரம் சுற்றி, ஈரப் பானையில் பெயரை எழுதி, "நான்தான் ஆதன்" என்பான். பிள்ளைகளும் விரலால் சக்கரம் சுற்றலாம். ஆனால் சுட்ட பானையில் கீறிய பெயர் பெரும்பாலும் அதை வாங்கிப் புழங்கியவனுடையது. சாதாரண வீடுகளிலும் எழுதத் தெரிந்திருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதே இத்தகைய ஓடுகளை வைத்துத்தான். கீழடி அகழாய்வு பற்றிய 2019 அறிக்கையில் மட்டும் எழுத்துள்ள ஓடுகள் 56. 'குவிரன் ஆதன்' அங்கே கிடைத்த பெயர்தான். நான் அந்த வீட்டுக்காரனைத் துரத்திவிட்டேன்.

"கதைதானே ஐயா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை.

"கதைன்னு எங்கயும் போடலையே" என்றார்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். குரல் பதிவு முடிந்தது, பில்லும் போட்டாயிற்று. பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் அந்தத் திரைக்குத்தான் என்றார். உண்மைதான். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஓடுகள் வாய் திறக்காமல் கிடக்கின்றன, யாரும் நிற்பதில்லை. என் ஆதன் பேசாவிட்டால் அந்தப் பெயரை எந்தப் பிள்ளை உச்சரித்திருக்கும்? குயவனுக்கும்தான் எழுதத் தெரிந்திருக்கலாமே? இப்படி எனக்கு நானே வக்கீலாகிறேன். பிறகு அந்தப் பொரிந்த விளிம்பு கண்முன் வந்து நிற்கிறது. பெரியவர் தன் பேரனைத் திரையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதும் நினைவுக்கு வருகிறது.

கடைசியில் திரையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இது கற்பனைக் காட்சி.' போன மாதம் போனபோது அது எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருந்தது.