ரஷ்ய முன்னொட்டுகள்: வாரம் ஒரு வினை, நான்கு வாரம்

ரஷ்ய வினைச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் முன்னொட்டுகளை முதலில் அட்டவணை போட்டுத்தான் படித்தேன். ‘பெரெ’ என்றால் மறுபடி, ‘ஒத்’ என்றால் விலகி. இரண்டு நாளில் எல்லாம் கலந்து குழம்பிவிடும். போன மாதம் முறையை மாற்றினேன். வாரத்துக்கு ஒரே வினை. அதன் ஒவ்வொரு வடிவத்தையும் முழு வாக்கியமாக நோட்டில் எழுதுவது.

முதல் வாரம் ‘பிஸாத்’, அதாவது எழுதுவது. ‘பெரெபிஸாத்’ என்றால் திருப்பி எழுதுவது. ‘ஸ்பிஸாத்’ பரீட்சையில் காப்பியடிப்பதற்கும் வரும். ‘பொத்பிஸாத்’ கையெழுத்துப் போடுவது. ‘பொத்’ என்றால் அடியில், தாளின் அடியில் எழுதுவதை நினைத்தால் மறக்காது. ‘நபிஸாத்’தில் பொருள் அதேதான், இலக்கணம்தான் மாறுகிறது. ‘பிஷூ’ எழுதுகிறேன், அதே விகுதியோடு ‘நபிஷூ’ எழுதிவிடுவேன். ‘நபிஸாத்’, ‘பொத்பிஸாத்’ போல செயல் முடிவதைச் சொல்லும் வினைக்கு நிகழ்காலமே இல்லை. இது புரியாமல், எதிர்காலத்துக்கான துணைவினை ‘பூது’வைச் சேர்த்து பல நாள் ‘பூது நபிஸாத்’ என்று தப்பாக எழுதியிருக்கிறேன். ‘பூது’வுக்குப் பிறகு ‘பிஸாத்’தான் வரவேண்டும். சரி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நடுவில் ‘இவ’ சேர்ந்து ‘பொத்பீஸிவயு’ ஆகிறது.

அடுத்த வாரம் ‘கொவொரீத்’, பேசுவது. சாதாரணமாக ‘ஸ் நிம்’, அவனோடு பேசுகிறோம். ‘உகொவொரீத்’ என்றதும் ‘யெவோ’, அவனை இணங்க வைக்கிறோம். ‘ஓடு’ இருந்த இடத்தில் ‘ஐ’ வந்துவிட்டது! ‘ஒத்கொவொரீத்’ என்றால் ஒன்று வேண்டாம் என்று அவன் மனதை மாற்றுவது. எது வேண்டாமோ அதற்கு முன்னாலும் ‘ஒத்’ என்றே ஒரு தனிச்சொல் வருகிறது. முன்னொட்டை மட்டும் தனியாக மனப்பாடம் செய்தது ஏன் பலிக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் ‘ஜீத்’, வாழ்வது. செயப்படுபொருள் கேட்காத வினை. ‘பெரெ’ சேர்ந்தால் கேட்கிறது: ‘ஒனா பெரெஜிலா ப்லொகாது’. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 வரை நடந்த லெனின்கிராட் நகர முற்றுகையில் அவள் உயிர் பிழைத்தாள். தெருவைக் கடப்பதற்கும் இதே ‘பெரெ’தான், ‘பெரெய்த்தீ ஊலித்ஸு’. அந்த முற்றுகை வாக்கியத்தைத் தாண்டி அன்று மேலே படிக்க மனம் வரவில்லை.

இந்த வாரம் ‘ஸ்லூஷத்’, கவனித்துக் கேட்பது. ‘ப்ரொஸ்லூஷத்’ என்றால் முழுவதும் கேட்பது, காதில் விழாமல் தவறவிடுவது, இரண்டும்தான். ‘விரிவுரையை’ என்று சேர்த்து எழுதியும் எந்தப் பொருள் என்று தெரியவில்லை. இதற்கு முன்பின் வாக்கியங்களும் வேண்டும். அதற்காக நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.