மே மாசத்தில மூண்டு பேரைப் பறிகுடுத்தவ

இங்கிலாந்து நாவலாசிரியை பார்பரா கார்ட்லண்ட் எண்டா கன பேருக்கு ஞாபகம் வாறது ரோஸ் கலர் உடுப்பும் நகையும் போட்டுக்கொண்டு டீவியில வந்த ஒரு வயசான அம்மாதான், இளவரசி டயானாவின்ர தேப்பன் ரெண்டாந்தரம் கட்டினது இவவின்ர மகளைத்தான். 723 நாவல் எழுதினவ, ஒரே வருசத்தில 23 எழுதி கின்னஸிலயும் வந்தவ. அதாலயே “காதல் கதை தானே, மெசின் மாதிரி அடிச்சுத் தள்ளினவ” எண்டு படிச்ச ஆக்கள் ஒதுக்கி விட்டிடுவினம், அப்பிடிக் கதைக்கிறதைக் கேக்க எனக்குச் சரியான கோவம் வரும்.

1901ல எட்ஜ்பாஸ்டனில பிறந்தவ. 1918 மே 27, பிரான்சில சண்டையில தேப்பன் செத்துப்போனார், இவவுக்கு அப்ப 16 வயசு. தாய் லண்டனில உடுப்புக்கடை போட்டுத்தான் குடும்பத்தைப் பாத்தவ. இவ பேப்பருகளுக்கு எழுதி, பிறகு நாவல் எழுதி, கலியாணம் கட்டி, அது சரிவராமல் 1933ல விவாகரத்து எடுத்து, 1936ல முதல் புருசன்ர ஒண்டுவிட்ட சகோதரனையே கட்டினவ. அதுக்குப் பிறகுதான் 1940 மே. பிரான்சில டன்கேர்க் பக்கம் இங்கிலாந்து ஆமி பின்வாங்கேக்க அன்ரனி 29ம் திகதி, ரொனால்ட் 30ம் திகதி செத்துப்போனவை. ரெண்டும் இவவின்ர தம்பிமார், ரொனால்ட் அப்ப பாராளுமன்ற உறுப்பினர். அவரைப் பற்றி இவ ஒரு புத்தகமும் எழுதினவ, முன்னுரை குடுத்தது சேர்ச்சில்.

தேப்பனும் ரெண்டு சகோதரங்களும், மூண்டு பேரும் மே மாசக் கடைசியில. மே மாசம் எண்டா வன்னியில நாங்கள் எப்பிடி இருப்பம் எண்டு சொல்லத் தேவையில்லை, முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிச்ச ஆக்களுக்கு விளங்கும். அப்பிடி ஒரு மனுசி உயிரோட இருக்கிற காலம் முழுக்க, கடைசிப் பக்கத்தில ரெண்டு பேரும் சேரவேணும் எண்டு பிடிவாதமா எழுதினது ஒண்டும் தெரியாத்தனத்தில இல்லை.

எங்கட பெரியம்மா மெனிக்பாம் அகதி முகாமில இருக்கேக்க, ஆரோ கொண்டந்து குடுத்த மாத நாவலுகளை அட்டை கிழிஞ்சாலும் விடாமல் வாசிப்பா. கடைசிப் பக்கத்தை முதல் பாப்பா, சேர்ந்திட்டினம் எண்டாத்தான் முதல் பக்கத்துக்குப் போவா. ஏன் பெரியம்மா எண்டு கேட்டா “செத்த கதை எனக்குக் காணும் பிள்ளை” எண்டுவா.

இன்னொண்டு, எனக்கு இவவில கூடப் பிடிச்ச விசயம். அந்தச் சண்டைக்காலத்தில இங்கிலாந்தில உடுப்பு வாங்கவும் கூப்பன் வேணும், படையில வேலை செய்த பிள்ளையள் கலியாணத்துக்கு வெள்ளை உடுப்பு எடுக்க வழியில்லை. இவ அப்ப படைகளில இருக்கிற பெண்களின்ர நலன் பாக்கிற வேலையில, கலியாண உடுப்புகளைத் தேடி வாங்கிச் சேர்த்து அந்தப் பிள்ளையளுக்கு மாறி மாறி இரவல் குடுப்பிச்சவ. பொருளாதாரத் தடைக்காலத்தில எங்கட ஊரிலயும் ஒரு கூறையை வச்சு எத்தினை பொம்பிளையள் தாலி ஏறினவை!

எல்லாக் கதையும் எனக்குப் பிடிக்குமெண்டில்லை. பிரபு வந்து ஏழைப் பெட்டையைத் தூக்கிவிடுற மாதிரியே திரும்பத் திரும்ப வரும், அந்தப் பெட்டையும் தானா ஒரு முடிவெடுத்தா நல்லா இருந்திருக்கும். ஆனா உழைப்பு எண்டா உழைப்பு. பழைய காலத்துச் சரித்திரத்தை முதல் வாசிச்சு, மத்தியானம் சோபாவில படுத்துக்கொண்டு இவ சொல்லச் சொல்ல செக்கரட்டரி எழுதுவா, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் முடியும். 2000ம் ஆண்டு 98 வயசில செத்தவ, அச்சுக்குப் போகாமல் 160 கதை மிச்சம் கிடந்தது. இவ செத்ததும் மே மாசம்தான், 21ம் திகதி.

இவவின்ர இங்கிலிஷ் லேசு, வசனம் சின்னன் சின்னன். ஏ.எல் எடுத்துப்போட்டு ரிசல்ட் வருமட்டும் வீட்டில நிக்கிற பிள்ளையள் அகராதியைப் பக்கத்தில வச்சுக்கொண்டு ஒண்டைத் தொடங்கிப் பாருங்கோ, ஆரும் சிரிச்சா சிரிக்கட்டும்.