ட்ரெக் செல் வளர்ப்பு: டிஜிஎஃப்-பீட்டா படுத்தும் பாடு

எலியின் மண்ணீரலிலிருந்து நேவ் (இன்னும் தூண்டப்படாத) சிடி4 டி செல்களைப் பிரித்து, டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து ட்ரெக் செல்களாக (நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் டி செல்களாக) மாற்றும் வேலை, புரோட்டோகால் தாளில் நாலே வரி. பிரிப்பதும் எண்ணுவதும் சொன்னபடி நடந்துவிடும். உயிரை வாங்குவது அந்த டிஜிஎஃப்-பீட்டா குப்பிதான்.

தூளை வெறும் பிபிஎஸ்ஸில் (உப்புத் தாங்கல் கரைசலில்) கரைக்காதீர்கள். நடுநிலை பிஎச்சில் இந்தப் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குப் போய்ச் சேருவது எவ்வளவென்று சொல்ல முடியாது. 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின் சேர்த்துக் கரைத்து, சிறு பங்குகளாக உறைய வையுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் காசு போச்சு.

அடுத்த தொல்லை சீரம். செல் வளர்க்கச் சேர்க்கும் மாட்டுக் கருச் சீரமான எஃப்பிஎஸ்ஸிலேயே உறங்குநிலை டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது. மாட்டுடையதுதான், ஆனால் எலி செல்லிலும் வேலை செய்யும். எதுவும் சேர்க்காத குழியில், ட்ரெக்கின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3 தலைகாட்டினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். டிஜிஎஃப்-பீட்டா ஏற்பித் தடுப்பான் போட்ட குழி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

அளவு: டிஜிஎஃப்-பீட்டா மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 நானோகிராம், டி செல்லை வளர்க்கும் புரதமான ஐஎல்-2 100 யூனிட். பலன் குறைந்தால் பலரும் டி செல்லைத் தூண்டும் ஆன்டிபாடியான ஆன்டி-சிடி3யின் அளவை ஏற்றுவார்கள். அது நேர்மாறான வழி. தூண்டல் பலமானால் செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் சமிக்ஞைப் பாதை முறுக்கேறி ஃபாக்ஸ்பி3யை அழுத்திவிடும், குறைத்துப் பாருங்கள்.

டென்ட்ரிட்டிக் செல்கள் (டி செல்களுக்கு ஆன்டிஜனைக் காட்டுபவை) கலந்திருந்தால் அவை ஐஎல்-6 என்ற சைட்டோகைனை (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதத்தை) சுரக்கும். டிஜிஎஃப்-பீட்டாவோடு ஐஎல்-6 சேர்ந்தால் கிடைப்பது அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 வகை டி செல்கள். சகிப்புத்தன்மைக்காக ஊற்றிய அதே காரணி! 10 நானோமோலார் ரெட்டினோயிக் அமிலம் ட்ரெக் பக்கம் இழுக்கும்; வெளிச்சம் பட்டால் கெடும், குழாயை மூடிவையுங்கள். நினைவு டி செல்கள் கலந்தாலும் ஐஎல்-4, இன்டர்ஃபெரான்-காமா வழியே தடை வரும். இரண்டையும் தடுக்கும் ஆன்டிபாடிகளைச் சேர்ப்பது நல்லது.

ஃபாக்ஸ்பி3 நியூக்ளியஸுக்குள் இருப்பது. சைட்டோகைன் சாயமேற்றும் சாதாரண கிட்டில் சரியாகத் தெரியாமல், வளர்ப்பே தோற்றதாகத் தோன்றும். அதற்கென உள்ள கிட்டை வாங்குங்கள். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஃபாக்ஸ்பி3 கூட்டம் தனியாகப் பிரிந்து நின்றால் நிம்மதிதான். மனித செல்லில் மட்டும் அந்த நிம்மதி வேண்டாம்: வெறும் தூண்டலுக்கே ஃபாக்ஸ்பி3 கொஞ்ச காலம் உயர்ந்து காட்டும், அடக்கும் திறன் இருக்காது.

ஆகவே அடக்கும் சோதனை கட்டாயம்: ட்ரெக் செல்கள் மற்ற டி செல்களின் (எதிர்வினை செல்களின்) பெருக்கத்தை அடக்குகின்றனவா என்று பார்ப்பது. அதற்குமுன் செல்களை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மிச்சமிருக்கும் டிஜிஎஃப்-பீட்டாவே எதிர்வினை செல்களின் பெருக்கத்தைக் குறைத்து, ட்ரெக்குக்குத் தகுதியில்லாத நல்ல பேர் வாங்கித் தந்துவிடும்.