வாசலில் இருந்து பஸ் தரிப்பு வரை: ஸ்காபரோவில் நடைவழி கேட்டுப் பெறுவது

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பெரும்பகுதி கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பண்ணை நிலங்களில் குடியிருப்புகள் எழுந்தபோது, பல உள்வீதிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் நடைபாதை போட்டார்கள். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. வோக்கருடன் நடக்கும் அம்மம்மாவோ தள்ளுவண்டியில் பிள்ளையோ இருக்கும் வீட்டுக்கு இது முதல் குளிர்காலத்திலேயே விளங்கிவிடும். "இந்த நாடு இப்படித்தான்" என்று பேசாமல் இருப்பவர்கள்தான் எங்கள் ஆட்களில் அதிகம். அப்படிப் பேசாமல் இருக்கத் தேவையில்லை. ரொறன்ரோ மாநகரசபையிடம் முறைப்பாடு செய்யக் குடியுரிமை வேண்டாம், சொந்த வீடு வேண்டாம். மாநகரசபையின் 311 தொலைபேசிச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

ஆனால் "நடைபாதை மோசம்" என்று மட்டும் சொன்னால் அது எங்கேயோ போய்த் தங்கிவிடும். எந்த வீட்டு இலக்கத்துக்கு முன்னால், வீதியின் வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா, எத்தனை சென்ரிமீற்றர் என்று சொல்ல வேண்டும். இரண்டு கொங்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் ஒன்று மேலெழுந்து நின்றால், பள்ளிக்கூட அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்துப் படம் எடுங்கள். ஒன்ராறியோவின் பராமரிப்பு விதிகளில் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது: உயர வித்தியாசம் 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், மாநகரசபைக்குத் தெரியவந்த நாளில் இருந்து 14 நாட்களுக்குள் அதைக் கவனிக்க வேண்டும். அந்த 14 நாள் உங்கள் முறைப்பாட்டில் இருந்துதான் ஓடத் தொடங்கும். வோக்கரின் முன்சக்கரம் சிறியது. அது அந்த விளிம்பில் முட்டி நின்றதும் ஆள் முன்னால் சரிந்துவிடுவார். விதியைச் சொல்லிப் பேசுவது சண்டைக்குப் போவது அல்ல. எதிரே இருப்பவருக்கும் வேலை இலகுவாகும்.

கவனிப்பது என்றால் உடனே புதிதாக வார்ப்பது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் முதலில் தாரால் ஒரு சரிவு போடுவார்கள், அல்லது எழுந்த விளிம்பைத் தேய்த்துவிடுவார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பலகைக்குக் கீழே ஈரமான மண் இருந்தால் பனிக்காலம் அதை மறுபடி தூக்கும், தார்ச் சரிவு வசந்தத்தில் பெயர்ந்துவிடும். பக்கத்தில் மேப்பிள் மரம் இருந்தால் வேரும் சேர்ந்து தள்ளும். அதனால் முதல் முறைப்பாட்டின் குறிப்பு இலக்கத்தைத் தொலைக்காதீர்கள். அடுத்த வருடம் அதே இடம் எழும்பினால் பழைய இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்பத் திரும்ப உடையும் இடம் என்று பதிவானால்தான் பலகையை மாற்றும்படி வற்புறுத்த முடியும்.

ஸ்நோ கொட்டும் மாதங்களில் அதிகம் சிக்கல் தருவது நடைபாதையின் நடு அல்ல, முனை. நடைபாதையைச் சின்ன இயந்திரம் துப்புரவாக்கிப் போன பின், வீதியைத் தள்ளும் பெரிய வண்டி வந்து சந்தியின் சரிவை மூடி ஒரு வரம்பு விட்டுச் செல்லும். இரவில் அது கல்லாக இறுகிவிடும். ஐஸுக்குப் போடும் சாதாரண உப்பு, குளிர் மறை 10 பாகையைத் தாண்டினால் மிக மெதுவாகவே வேலை செய்யும். இறுகுமுன் அறிவிப்பதுதான் பயன். "நடைபாதை துப்புரவாக இல்லை" என்று சொல்லாமல், "இந்தச் சந்தியின் தென்கிழக்கு மூலையில் சரிவு மூடப்பட்டிருக்கிறது, சக்கர நாற்காலி இறங்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். எங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு: வாகனப் பாதையில் வாரிய ஸ்நோவை நடைபாதையிலோ வீதியிலோ கொட்டக்கூடாது, மாநகரசபைச் சட்டம் தடுக்கிறது. சொந்தப் புல்தரையில் குவியுங்கள்.

விழுந்து அடிபட்டால் ஒரு கணக்கு முக்கியம். மாநகரசபையின் நடைபாதை என்றால் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், இடம், நாள், நேரம் எல்லாவற்றுடனும். கடைத் தொகுதி போன்ற தனியார் இடத்தில் ஸ்நோவிலோ ஐஸிலோ விழுந்தால் 60 நாள்.

அந்தக் கடைத் தொகுதிகளைப் பற்றித்தான் எங்கள் ஆட்கள் மிகக் குறைவாகப் பேசுகிறோம். பஸ்ஸில் இருந்து இறங்கி மரக்கறிக் கடைக்குப் போக, வாகனத் தரிப்பிடத்தின் நடுவே பின்னோக்கி வரும் கார்களுக்கு இடையில் நடக்க வேண்டியிருக்கிறது. அது தனியார் நிலம் என்பதால் 311 அங்கே நடைவழி போட்டுத் தராது. ஆனால் அந்த நிலத்தில் புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்தால் வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை நடுவார்கள். அந்த நேரத்தில் பலகையில் உள்ள திட்ட அலுவலருக்கும் உங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கும் எழுதுங்கள்: பஸ் தரிப்பில் இருந்து கடை வாசல் வரை, காருடன் கலக்காத நேரான பாதை வேண்டும் என்று. கட்டி முடிந்த பிறகு கேட்டால் யாரும் அசையமாட்டார்கள்.

பூங்காப் பாதைகளுக்கும் அப்படியே. மின்கம்பத் தடத்தின் வழியே டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்து ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வரை 16 கிலோமீற்றர் நீளத்துக்குத் திட்டமிட்ட மெடோவே என்ற நடைதடம், ஸ்காபரோவின் குறுக்கே போகிறது. நல்ல பாதை. வயதானவர்களுக்கு இதைவிடச் சிறந்த நடை இடம் சொல்வது கடினம். இப்படிப்பட்ட தடங்கள் பெருவீதியைச் சமிக்ஞை விளக்கில்லாத நடுப்பகுதியில் சந்திக்கும்போதுதான் சிக்கல். அவசரத்தில் குறுக்கே பாயாமல் விளக்கு வரை நடந்து கடவுங்கள்; கடவை வேண்டும் என்று மனுவும் கொடுங்கள்.

புதிதாகப் போடும் அல்லது திருத்தியமைக்கும் பாதைகளுக்கு ஒன்ராறியோவின் அணுகல் விதிகள் அளவு சொல்கின்றன: நடைபாதையின் தெளிவான அகலம் 1.5 மீற்றர், பொழுதுபோக்குத் தடத்துக்கு 1 மீற்றர், தட வாசலில் கம்பம் நட்டால் இடைவெளி குறைந்தது 85 சென்ரிமீற்றர். பழைய பாதைகளை இது கட்டாயப்படுத்தாது. தடம் போடுமுன் பொதுமக்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோரையே கூட்டிப் போங்கள். "இருக்கை வேண்டும்" என்பதைவிட, "இந்த ஏற்றத்தின் பாதியில், நிழல் விழும் பக்கம், கைபிடியுடன் ஓர் இருக்கை" என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் குறித்துக்கொள்வார்கள்.